மாட்டுக் கொட்டகையில் பளுமேடை

பளு தூக்கும் ராடை முதன்முதலாகக் கொட்டகைத் தரையில் வைத்த அன்று அது வைத்த இடத்தில் நிற்கவில்லை. மெல்ல உருண்டு போய்த் தெற்குச் சுவரோரக் கால்வாயில் இடித்து நின்றது. இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ பிளேட் மாட்டியிருந்தேன். மூன்று முறை தூக்கிக் கொண்டுவந்து வைத்தேன். மூன்று முறையும் அதே கால்வாய்க்குத்தான் போனது.

வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை சொன்னார்: "அது சாய்ச்சுப் போட்ட தளம்மா. மூத்திரம் தேங்கினா குளம்பு அழுகிடும்னு உங்க மாமா தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்துத்தான் ஒவ்வொரு கல்லா எறக்கினாரு."

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது அந்தக் கொட்டகை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் மேல்கூரைக் கீற்றை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. தகரம் போட்டோம், மாடுகளை மட்டும் விற்றுவிட்டோம். அதன் பிறகு 12 ஆண்டுகள் விறகும் பழைய சைக்கிளும்தான் அங்கே குடியிருந்தன. 2024 கோடை விடுமுறையில் அதைக் காலி செய்து, பளு தூக்கும் இடமாக மாற்றினேன். செய்ததையும், தப்பாகச் செய்து திருத்தியதையும் எழுதி வைக்கிறேன். நம் கரையோர ஊர்களில் இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பெண்கள் பளு தூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த ஆண்டில்தான். கல்லூரியில் மூன்று வருடம் தூக்கினேன். அதற்குப் பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை. மறுபடி தொட ஆசைப்பட்டு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாதம் 1,200 ரூபாய். பெண்களுக்கான நேரம் காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. நான் பள்ளி ஆசிரியை. அந்த நேரம் முழுக்க வகுப்பில் நிற்பேன். மிச்சமிருந்தது சனி, ஞாயிறு மட்டும். அதிலும் ராடைத் தலைக்கு மேல் தூக்கியபின் கீழே விடக் கூடாது என்று தடை, டைல்ஸ் உடைந்துவிடுமாம். பளு தூக்குதலில் இரண்டே தூக்கல்: தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச், முதலில் தோளுக்கு எடுத்துப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க். இரண்டிலும் எடையைக் கீழே விடுவது பயிற்சியின் ஒரு பகுதி. தவறிப்போன தூக்கலை விடத் தெரியாதவருக்குத் தோளும் முதுகும் போகும். அதைத் தடுத்துவிட்டுத் தூக்கு என்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஆறாவது மாதம் நின்றுவிட்டேன்.

கடைகளில் 'ஹோம் ஜிம் செட்' என்று பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் அடைத்த பிளேட்டும் ஒரு அங்குல ராடும் சேர்த்து விற்கிறார்கள். கைக்கும் நெஞ்சுக்கும் செய்பவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது. பளு தூக்கும் ராடின் இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் குழாய், அதாவது ஸ்லீவ், தனியாகச் சுழல வேண்டும். ராடைச் சடாரென்று தோளுக்குத் திருப்பும்போது பிளேட்டுகள் உடனே திரும்பாது. ஸ்லீவ் சுழலாவிட்டால் அந்த முறுக்கு முழுக்க மணிக்கட்டில் இறங்கும். ஒரு அங்குல ராடில் ஸ்லீவே கிடையாது.

முதலில் தரை. சரிவு எவ்வளவு என்று கொத்தனார் தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்தார். எட்டு அடிக்கு இரண்டரை அங்குலம். அந்தச் சரிவில் நின்றால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் இருக்கும், எடை ஒரே இடுப்பில் இறங்கும். மாமா போட்ட கருங்கல்லைப் பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை, பெயர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கல் அசையாமல் இறுகிக் கிடந்தது. அதன் மேலேயே எட்டுக்கு எட்டு அடியில் கான்கிரீட் போட முடிவு செய்தோம். மேட்டுப் பக்கம் மூன்று அங்குலம், தாழ்ந்த பக்கம் ஐந்தரை.

கலவைக்கு முந்தின நாள் வாசலில் வந்து இறங்கிய மணலில் எனக்குச் சந்தேகம். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு மணலில் போட்ட கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துப் பருக்கும், தளம் வெடிக்கும். குவியலைத் திருப்பி அனுப்பிவிட்டு எம்.சாண்ட் வரவழைத்தேன். கொத்தனாருக்கு அரை நாள் வேலை கெட்டது; அதற்கும் கூலி கொடுத்தேன். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலவை, குறுக்கும் நெடுக்கும் 8 எம்எம் கம்பி. நாலு மூட்டை சிமெண்ட் தீர்ந்து ஐந்தாவதைப் பிரித்தோம். மேலே ரசமட்டம் வைத்து மூலைக்கு மூலை பார்த்தேன். சுற்றிலும் பாத்தி கட்டி பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். 28 நாள் ஆகும் வரை அதன் மேல் ஒரு கிலோ எடையைக்கூடப் போடவில்லை. அந்தக் காத்திருப்புதான் இந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கான்கிரீட் மேல் தார்ப்பாய், அதன் மேல் 18 எம்எம் பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக. மூன்றாவது அடுக்கில் நடுவில் நான்கு அடி அகலத்துக்கு பிளைவுட், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு ரப்பர். நடுவில் கால், ரப்பர் மேல் பிளேட். ஜிம் ரப்பர் என்று கேட்டால் விலை கூடுதல். பால் பண்ணைக்காரர்கள் மாடு வழுக்காமல் நிற்கப் போடும் ரப்பர் மேட்டை வாங்கினேன். ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். கனம் 17 எம்எம். பிளைவுட்டுக்கும் அதற்கும் ஒரு எம்எம்தான் வித்தியாசம், காலில் தெரியாது. அறுக்கும்போது பிளேடில் சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் கவ்விக்கொள்ளும். புது மேட்டின் வாடை போக ஒரு வாரம் வெயிலில் கிடந்தது. மாடு நின்ற கொட்டகைக்கு மாட்டு மேட்டே திரும்பி வந்ததில் அத்தைக்குச் சந்தோஷம்.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீர் தாங்கும் மரைன் பிளை. பணம் பற்றாததால் கீழ் அடுக்குகளுக்குச் சாதாரண பிளைக்கான ஐ.எஸ். 303 முத்திரையிட்டதை வாங்கி, ஓரங்களுக்கு வேப்பெண்ணெயும் கரையான் மருந்தும் இரண்டு முறை அடித்தேன்.

இந்த மேடை ஏறினால் கூரை இறங்கும் என்பதை நல்ல வேளையாக முன்பே கணக்குப் போட்டுவிட்டேன். நான் கையை உயர்த்தி நின்றால் ராடு 6 அடி 7 அங்குலத்தில் இருக்கும். பெரிய பிளேட்டின் விட்டம் 450 எம்எம், அதில் பாதி ஒன்பது அங்குலம் ராடுக்கு மேலே போகும். ஆக 7 அடி 4 அங்குலம். அதோடு மேடை ஆறு அங்குலம். கூரைத் தகரத்தைத் தாங்கும் பைப் அந்த இடத்தில் பழைய தரையிலிருந்து 8 அடி 3 அங்குலத்தில் போகிறது. மிச்சம் ஐந்தே அங்குலம். மேடையைத் தாழ்வாரப் பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டிருந்தால் முதல் ஜெர்க்கிலேயே பிளேட் பைப்பில் இடித்திருக்கும். வீட்டில் இடம் பார்ப்பவர்கள் நீள அகலத்தைத்தான் அளக்கிறார்கள். முதலில் உயரத்தை அளங்கள்.

ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். அதற்கு ராடைத் தோள் உயரத்தில் தாங்கி நிற்கும் சட்டமான ஸ்குவாட் ரேக்கைக் கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகம் போகும் வழியில் உள்ள ஒரு பட்டறையில் செய்தேன். அந்த அண்ணனின் பையன் என்னிடம் படித்தவன். படகுக்குத் தேவையான வெல்டிங்கும் லேத்தும்தான் அவருக்கு முக்கிய வேலை. "எத்தனை கிலோ தாங்கணும் டீச்சர்?" என்று கேட்டார். இருநூறு என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப மூணு எம்எம் போட்டுடலாம்" என்றார். இரண்டு அங்குல ஸ்கொயர் பைப், 3 எம்எம் கனம், 20 அடி லெங்த் மூன்று. தராசில் 78 கிலோ வந்தது.

தப்பு என்னுடைய வரைபடத்தில் இருந்தது. இரண்டு தூணுக்கும் நடுவே நாலு அடி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் சரியாக அப்படியே நிறுத்தி, தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங் (டேக்) வைத்துவிட்டார். ராடை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தால் இறங்கவில்லை. தூண் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். வெளிப்பக்க அளவு 4 அடி 4 அங்குலம், அதாவது 1,320 எம்எம். ஒலிம்பிக் ராடில் இரண்டு ஸ்லீவுக்கும் இடையே இருப்பது 1,310 எம்எம். பத்து எம்எம் இடித்தது. முழு வெல்டிங் ஓடியிருந்தால் மொத்தத்தையும் அறுத்திருக்க வேண்டும். டேக் மட்டும் என்பதால் கிரைண்டரில் தட்டி, வெளி அளவு நாலு அடி வருவது மாதிரி மறுபடி நிறுத்தினார். ரேக் செய்யக் கொடுப்பவர்கள் எப்போதும் வெளி அளவைச் சொல்லுங்கள், ராடையும் கூடவே கொண்டுபோங்கள்.

துளை போடுவதில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நான்கு தூணிலும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை, 16 எம்எம் பின் ஆணி நுழைய. தனித்தனியாகப் போட்டால் எங்காவது இரண்டு மூன்று எம்எம் பிசகும், ராடு ஒரு பக்கம் சாயும். அவர் இரண்டிரண்டு பைப்பை ஜோடியாகக் கிளாம்ப் போட்டு, ஒரே குறியில் ஒரே இறக்கத்தில் இரண்டையும் துளைத்தார். ரேக் நின்ற பிறகு ரசமட்டத்தை ராடின் மேல் வைத்தேன். குமிழி நடுவை விட்டு அசையவில்லை. தனியாகப் பயிற்சி செய்பவள் என்பதால் குறுக்கே இரண்டு பாதுகாப்புக் கம்பிகளையும் கேட்டு வாங்கினேன். ஸ்குவாட்டில் எழ முடியாவிட்டால் எடை அதில் உட்காரும். வீட்டில் தனியாகச் செய்யும் யாரும் இது இல்லாமல் ஸ்குவாட்டிலோ பெஞ்ச் பிரஸ்ஸிலோ இறங்க வேண்டாம்.

ராடு, மூடிய ஒரு ஜிம்மிலிருந்து வந்தது. 20 கிலோ, 2.2 மீட்டர், கைப்பிடி 28 எம்எம். வாங்கும் முன் ரேக்கில் வைத்துச் சுழற்றி முனையைப் பார்த்தேன். வளைந்த ராடென்றால் முனை வட்டம் போடும். இது நேராகச் சுழன்றது. ஆனால் ஒரு பக்க ஸ்லீவ் கையால் திருகினால்தான் திரும்பியது. வீட்டில் பழைய பெட்ஷீட் விரித்துப் பிரித்தேன். முனை மூடியை நெம்பினால் உள்ளே ஸ்லீவைப் பூட்டி வைத்திருக்கும் வளையம், சர்கிளிப். இடுக்கியால் விரித்து எடுக்க வேண்டும், அது துள்ளிப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வாஷர், பிறகு ஸ்லீவ் மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது. உள்ளே ஸ்லீவ் சுழலத் தாங்கும் வெண்கல வளையமான புஷ்ஷைச் சுற்றிக் கறுத்துப் போன கிரீஸ், அதில் முடியும் தூசியும் சேர்ந்து பிசினாய் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கப் புஷ்ஷின் மஞ்சள் நிறம் தெரிந்தது. மறுபடி கிரீஸ் வைக்கவில்லை. தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. மூடிய பின் விரலால் ஒரு சுண்டு சுண்டினேன், ஸ்லீவ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரியில் கடைசியாகப் பிடித்த ராடு அப்படித்தான் சுற்றும்.

பிளேட்டுகள் 80 கிலோ பழைய இரும்பு, 50 கிலோ புது ரப்பர். கீழே விடுவதற்கு ரப்பர், ஸ்குவாட்டுக்கு இரும்பு. இரும்பு துருவேறி எண்கூடத் தெரியாமல் இருந்தது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைப் பிளேட்டில் மாட்டி, பிளஸ் முனையைக் கழிவுக் கம்பியில் மாட்டித் தொட்டுக்கொள்ளாமல் தொங்கவிட்டேன். ஓர் இரவில் துரு கருஞ்சேறாகக் கழன்றது. திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிளஸ் பக்கம் எவர்சில்வர் மாட்டக் கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் விஷம். சோடாவுக்குப் பதில் உப்பும் போடக் கூடாது. கழுவிக் காய்ந்ததும் அன்றைக்கே துரு தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி விட்டால் மறுபடி பழுக்கும்.

எண் தெரிந்த பிறகு பழைய இரும்புக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். 20 என்று வார்த்த ஒன்று 19.4, இன்னொன்று 20.7. ஏறக்குறைய ஒரே எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்து, பின்பக்கம் பெயிண்டில் உண்மையான எடையை எழுதினேன்.

இனி துரு. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புத் தெரியும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு காயவே காயாது. வாரம் ஒரு முறை ராடுக்கு எண்ணெய் போட்டேன். நாலு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கொட்டகையின் திறந்த பக்கம் வழியாகச் சாரல் இரவெல்லாம் அடித்தது. கரண்ட் இல்லை, வீட்டுக்குள்ளேயே வேலை சரியாக இருந்ததால் பின்கட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, கைப்பிடியில் வைரம் வைரமாகக் கீறியிருக்கும் நர்லிங் பள்ளங்கள் எல்லாம் மஞ்சள் பொடி பூசியது போல் இருந்தன. உடனே எண்ணெய் ஊற்றித் துடைத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி அதே மஞ்சள். மறுபடி எண்ணெய், மறுபடி துரு. இரண்டு மாதம் இப்படியே போராடினேன்.

பட்டறை அண்ணனிடம் சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "எண்ணெய் போடறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில கழுவினீங்களா டீச்சர்?"

இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்றேன்.

"கடலுக்குப் போய்ட்டு வந்த எஞ்சினுக்கு மொத வேலை நல்ல தண்ணிதான். உப்பு மேல எண்ணெய் போட்டா, உப்பை உள்ள வச்சுப் பொத்தின மாதிரி. எண்ணெய்க்கு அடியில உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கும்."

அன்று சாயங்காலமே செய்தேன். இளஞ்சூடான நல்ல தண்ணீரில் துணி நனைத்து, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் நர்லிங் பள்ளத்தை நீளவாக்கில் தேய்த்து, மறுபடி சுத்தமான தண்ணீரில் துடைத்து, உலர்ந்த துணி, பிறகு அரை மணி நேரம் வெயில். கை பொறுக்கும் சூடு ஏறியபோது எண்ணெய். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் திரும்பவில்லை. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், ராடின் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். எங்கள் போர் தண்ணீரே கொஞ்சம் கரிக்கும் என்பதால் குடிதண்ணீரில் கழுவுகிறேன். பத்து நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. உள்மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இத்தனை தேவையில்லை. கரையில் இருப்பவர்கள் புது ராடு வாங்கினால் பூச்சே இல்லாத வெறும் எஃகை வாங்காதீர்கள். பேரிங் வைத்ததைவிட வெண்கலப் புஷ் வைத்தது நம் காற்றுக்குத் தாங்கும். ரேக்குக்கும் இதே பாடம்: வெல்டிங் மூட்டுகளில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, கழுவி, காயவைத்து, மறுபடி ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்தேன். திறந்த பக்கத்துக்கு இப்போது சுருட்டி இறக்கும் தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.

செலவு: ராடு 6,500, இரும்புப் பிளேட் 6,400, ரப்பர் பிளேட் 11,000, ரேக் (பெயிண்டும் கூலியும் சேர்த்து) 11,100, கான்கிரீட் 7,500, பிளைவுட் 13,000, மேட் 5,000. மொத்தம் 60,500 ரூபாய். ஜிம் கட்டணம் வருடம் 14,400. ஒருத்திக்கு மட்டும் என்றால் நாலு வருடத்துக்கு மேல் ஆகும் ஈடுகட்ட. சமமான தரை ஏற்கெனவே இருந்தால் 7,500 குறையும். கீழே விடும் பயிற்சி வேண்டாம் என்றால் ரப்பர் பிளேட்டும் மேடையும் தேவையில்லை, பாதிச் செலவில் முடிந்துவிடும். பணம் மிச்சமாகும் என்பதற்காக நான் செய்யவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் ராடு இருக்கிறது, தவறினால் கீழே விடலாம், கேட்க யாருமில்லை. இதற்காகச் செய்தேன்.

சத்தம் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டேன். ரப்பர் விழுவது தென்னை மட்டை விழுவதைவிடக் குறைவு என்று பின்வீட்டு அக்கா சொன்னார். ஆறு மணிக்கு முன்பு மட்டும் எதையும் கீழே விடாத பயிற்சிகளை வைத்துக்கொள்கிறேன்.

மகள் இப்போது எட்டாவது. ஆறு மாதமாகப் பிவிசி பைப்பை வைத்து ஸ்நாட்ச் அசைவைப் பழகுகிறாள். சென்ற மாதம் ராடைப் பிடித்துப் பார்த்தாள், கட்டைவிரலை மற்ற விரல்கள் மூடவில்லை. பெண்களுக்கான ராடு 15 கிலோ, 25 எம்எம். அவளுக்கும் எனக்கும் அதுதான் பொருத்தம். சர்கிளிப் இடுக்கியும் பித்தளை பிரஷ்ஷும் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன. அதன் பக்கத்திலேயே இரண்டாவது ராடைத் தாங்க ஒரு ஜோடி கொக்கி வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.